லு புய் – கோன்க் பாதை: மடாலயங்களுக்காக நடப்பவர்கள் எங்கே தொடங்குவது?

தென்றல்நடை

செப்டம்பர் நடுவில் பிரான்ஸ் கிராமப்புறத்தில் நடக்கத் திட்டம். கையில் ஏழு நாள். மூன்று பேர். ஒருவருக்கு வயது 62, ஏற்றம் பரவாயில்லை, இறக்கத்தில் முழங்கால் வலிக்கும். இருவர் சைவம். நடை ஒரு பக்கம் இருக்க, முக்கியமாகப் பார்க்க வேண்டியது பழைய மடாலயங்களும் ரோமனெஸ்க் பாணி (அரைவட்ட வளைவும் தடித்த சுவரும் கொண்ட இடைக்காலக் கட்டடப் பாணி) தேவாலயங்களும்.

எல்லோரும் ஜி.ஆர். 65 என்ற நெடுந்தூர நடைபாதையில் லு புய் தொடங்கி கோன்க் வரை போகச் சொல்கிறார்கள். அது சுமார் 205 கி.மீ. ஏழு நாளில் எங்களால் முடியாது. எங்கே வெட்டலாம்? ஒரு நாள் மிஞ்சினால் ஃபோன்த்னே அல்லது செனான்க் மடத்தையும் சேர்க்கலாமா?

கல்தச்சன்

தொடக்கத்தை வெட்டுங்கள், முடிவை வெட்டாதீர்கள். நாஸ்பினாலில் தொடங்கி கோன்க்கில் முடியுங்கள். ஐந்து நாள் நடை, மொத்தம் சுமார் 89 கி.மீ. நாஸ்பினாலிலிருந்து சேன் ஷெலி 17, அங்கிருந்து சேன் கோம் 16, எஸ்தேன் 20, கோலின்யாக் 15, கடைசி நாள் கோன்க் 21. யுனெஸ்கோ 1998-இல் ஸ்பெயினின் சந்தியாகோ நகருக்குப் போகும் பிரான்ஸ் யாத்திரை வழிகளைப் பட்டியலில் சேர்த்தபோது பாதையாகவே அங்கீகரித்தது ஏழு துண்டுகளைத்தான். அதில் இரண்டு, நாஸ்பினால்–சேன் ஷெலி, சேன் கோம்–எஸ்தேன், இந்த ஐந்து நாளுக்குள் வந்துவிடுகின்றன.

ஆறாவது நாள் முழுவதும் கோன்க்கிலேயே இருங்கள். மாலை ஐந்து மணிக்கு வந்து மறுநாள் காலை ஏழு மணிக்குக் கிளம்பிவிடுபவர்கள்தான் அதிகம். மடாலயத்துக்காகப் போகிறவர் அப்படிச் செய்யக்கூடாது.

பாறைப்பூ

கல்தச்சன் சொல்வதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. லு புய்யை விட்டுவிட்டால் பாதையின் தலையையே விட்டமாதிரி. அங்கே கதீட்ரலில் காலை ஏழு மணித் திருப்பலி முடிந்ததும் யாத்ரீகர்களுக்கு ஆசி, அது முடிந்து மேற்கு வாசல் படிக்கட்டு வழியாக நேராகப் பாதையில் இறங்குவது. 950-ஆம் ஆண்டு வாக்கில் ஆயர் கோதெஸ்கால்க் இதே ஊரிலிருந்துதான் சந்தியாகோவுக்குப் போனார். எரிமலைப் பாறையின் உச்சியில் நிற்கும் சேன் மிஷெல் தேவாலயமும் அங்கேதான். பாரீஸிலிருந்து லியோன், சேன் எத்தியென் வழியாக ரயிலில் போய்ச் சேரலாம். நாஸ்பினாலுக்கு ரயிலே கிடையாது.

கல்தச்சன்

ரயில் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அந்த 62 வயது முழங்காலை நினைத்துப் பாருங்கள். இரண்டாம் நாள் ரோஷ்கூத் தாண்டி மோனிஸ்த்ரோல் தாலியே வரை இறங்குவது செங்குத்தான கல் பாதை. ஆற்றங்கரைக்கு வந்த கையோடு மீண்டும் 400 மீட்டர் ஏற்றம். நடைக்குக் கால் பழகுவதற்கு முன்பே இது வந்துவிடும். இந்தப் பாதையில் நடையை நிறுத்துகிறவர்களில் பலர் முதல் மூன்று நாளில் நிறுத்துகிறவர்கள்தான்.

ரயிலுக்கு வழி: கிளெர்மோன் ஃபெரான் போய், பெசியே போகும் மலை ரயிலில் ஓமோன் ஒப்ராக் நிலையத்தில் இறங்குங்கள். அந்த ரயில் நாளுக்கு ஒன்று இரண்டுதான். தண்டவாளத்தில் பழுதுவேலை நடக்கும் காலத்தில் ரயிலுக்குப் பதில் பஸ் ஓடும், அதனால் கிளம்பும் முன் மறுபடி நேரம் பாருங்கள். ஓமோனிலிருந்து நாஸ்பினாலுக்குப் பாதையில் 26 கி.மீ. நல்ல காலிருந்தால் நடக்கலாம், இல்லாவிட்டால் முன்கூட்டிச் சொல்லிவைத்த டாக்ஸி.

பாறைப்பூ

முழங்கால் என்றால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லு புய்யில் ஓர் இரவு தங்கி, காலைத் திருப்பலி பார்த்துவிட்டு, யாத்திரைப் பாதைப் பைகளைக் கொண்டுபோகும் வேன் நிறுவனங்களின் இருக்கையில் நாஸ்பினால் வரை போகலாம். பருவத்தில் அவர்கள் ஆட்களையும் ஏற்றுகிறார்கள். ஏழு நாளில் அதற்கு இடமிருக்கிறது.

மணியோசை

இரண்டு பேரும் தூரத்தையே பேசுகிறீர்கள். மடாலயத்துக்காக நடப்பவர் கடிகாரத்திலிருந்து தொடங்க வேண்டும். துறவியர் வாழும் மடத்தில் நாள் என்பது காலைப் புகழ், நண்பகல் மன்றாட்டு, திருப்பலி, மாலைப் புகழ், இரவு மன்றாட்டு என்று ஓடுகிறது. தேவாலயம் எப்போது அமைதியாகக் காலியாக இருக்கும், எப்போது உள்ளே நடமாடக்கூடாது, எப்போது பாடல் கேட்கலாம் என்பதெல்லாம் அதன்படிதான். அதனால் கோன்க்கின் மணியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

சமதளத்தில் மணிக்கு 4 கி.மீ. ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். செங்குத்து இறக்கத்துக்கும் கொஞ்சம் சேர்க்க வேண்டும், இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். கோலின்யாக்கிலிருந்து கோன்க் 21 கி.மீ.: தூரத்துக்கு ஐந்தே கால் மணி, ஏற்ற இறக்கத்துக்கு ஒன்றரை, உட்கார்ந்து சாப்பிட ஒரு மணி. ஏழே முக்காலுக்குக் கிளம்பினால் மதியம் மூன்றரைக்குக் கோன்க். மேற்கு வாசல் சிற்பத்தில் வெயில் விழுவது மதியத்துக்கு மேல்தான், அதனால் அது சரியான நேரம். ஒன்பதரைக்குக் கிளம்பினால் கருவூலக் காட்சியகம் மூடும் நேரத்துக்குத்தான் போய் நிற்பீர்கள்.

இரவு உணவு ஜீத்துகளில் (நடப்பவர்கள் தங்கும் எளிய விடுதிகள்) ஏழு மணிக்கு. இரவு மன்றாட்டு வழக்கமாக எட்டரையளவில். சாப்பாடு நீண்டுபோவதால்தான் அதைப் பலர் தவறவிடுகிறார்கள். பரிமாறுபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், கோன்க்கில் எல்லோருக்கும் அது தெரிந்த விஷயம். மன்றாட்டு முடிந்ததும் யாத்ரீகர்களுக்கு ஆசி உண்டு. பருவ காலத்தில் துறவி ஒருவர் வெளியே வந்து வாசல் சிற்பத்தை விளக்குவார். பிறகு உள்ளே ஆர்கன் இசை, சீட்டு வாங்கியவர்கள் மேல்மாடத்தில் ஏறி நடக்கலாம். தூண் தலைச் சிற்பங்களைக் கண்மட்டத்தில் பார்க்க இது நல்ல வாய்ப்பு. நேரம் மாறும், அதனால் வாசலில் ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள்.

தென்றல்நடை

மிக உதவி. துறவியர் இல்லாத மடங்களும் உண்டல்லவா? அங்கே எப்படி?

மணியோசை

மூன்று வகை. கோன்க், செனான்க் மாதிரி துறவியர் சமூகம் இருப்பவை. கோன்க்கில் 1873 முதல் பிரெமோன்த்ரே என்ற கத்தோலிக்கத் துறவற சபையினர் இருக்கிறார்கள். இரண்டாவது, அரசின் நினைவுச்சின்ன நிறுவனம் நடத்துபவை: க்ளூனி, தோரோனே. இவை ஜனவரி 1, மே 1, டிசம்பர் 25 மூடியிருக்கும், சீட்டு உண்டு, வழிபாட்டு நேரம் பெரும்பாலும் தடையில்லை. மூன்றாவது, தனியார் சொத்து: ஃபோன்த்னே. முதல் வகையில் மட்டும் தோளை மூடும் உடை, வழிபாட்டின்போது படம் எடுக்காமை, கைபேசி மௌனம் ஆகியவற்றைக் கண்டிப்பாகப் பாருங்கள். வழிபாடு தொடங்கிய பிறகு ஊன்றுகோல் கல் தரையில் தட்டும் சத்தம் கடைசி வரிசை வரை கேட்கும், அதை வெளியே சாய்த்துவிட்டுப் போங்கள்.

மடத்திலேயே தங்க விரும்பினால், துறவியருக்கான பெனடிக்ட் விதிமுறையின் 53-ஆம் அத்தியாயம் விருந்தினரைக் கிறிஸ்துவாகவே எண்ணி ஏற்கச் சொல்கிறது. அதனால் துறவியர் வாழும் மடங்கள் பலவற்றில் விருந்தினர் இல்லம் உண்டு. முன்கூட்டி விருந்தினர் பொறுப்புத் துறவிக்குக் கடிதமோ மின்னஞ்சலோ எழுத வேண்டும், மாலைப் புகழுக்கு முன் போய்ச் சேர வேண்டும், சாப்பாடு பெரும்பாலும் மௌனத்தில். வாடகை என்று கேட்பதைவிட காணிக்கையாகத் தருவதே பல இடங்களில் வழக்கம். கோன்க் மடத்தின் யாத்ரீகர் இல்லம் இதைவிட எளிது, ஆனால் அதுவும் நிரம்பிவிடும்.

கல்தச்சன்

கோன்க் வாசலில் என்ன பார்ப்பது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடுகிறார்கள். 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செதுக்கிய கடைசித் தீர்ப்பு, 124 உருவங்கள். நம் இடப்பக்கம் சொர்க்கம், வலப்பக்கம் நரகம். முதலில் நடுவில் கிறிஸ்துவின் காலடியில் பாருங்கள்: தூதர் மிக்கேல் ஒரு பக்கம், பேய் எதிர்ப்பக்கம், நடுவில் தராசு. பேய் விரலால் தட்டை அழுத்துகிறது. அடுத்து இடப்பக்கம் கீழ்மூலை முக்கோணத்துக்குப் போங்கள். மேகத்திலிருந்து நீளும் கடவுளின் கை, அதன் கீழே குப்புற விழுந்து வேண்டும் சிறு பெண் உருவம். அவள்தான் சேன்ட் ஃபுவா, இந்தத் தேவாலயம் தாங்கும் பெயருக்குரிய புனிதை. பின்னால் வளைவில் தொங்குவது விலங்குகள். விடுபட்ட கைதிகள் காணிக்கையாக வைத்துவிட்டுப் போனவை. கைதிகளை விடுவிப்பவள் என்று பேர் பெற்ற புனிதை அவள்.

நரகத்தில் குதிரையிலிருந்து தலைகீழாக விழும் வீரன், கழுத்தில் பணப்பையோடு தூக்கில் தொங்கும் கஞ்சன். பிறகு வெளிவளைவின் ஓரத்தை அண்ணாந்து பாருங்கள்: கல் விளிம்பைத் திரைபோலப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கும் சின்னத் தலைகள். சாயத்தின் மிச்சம் நீலமும் சிவப்பும் இன்னும் தெரியும். கீழ் விட்டத்தில் உள்ள லத்தீன் வரி, நடத்தையை மாற்றாவிட்டால் கடுமையான தீர்ப்பு காத்திருக்கிறது என்று பாவிகளை எச்சரிக்கிறது. சிறிய இருகண் தொலைநோக்கி ஒன்று பையில் இருந்தால் இதெல்லாம் கிட்டத்தில் கிடைக்கும்.

உள்ளே ஓவியர் பியேர் சூலாஜ் வடிவமைத்த 104 ஜன்னல்கள், 1994-இல் முடிந்தவை. வண்ணமே இல்லாத, ஒளியை விடும் ஆனால் ஊடே பார்க்க முடியாத கண்ணாடி. வெளிச்சம் மாற மாற நிறம் மாறும். அதனால்தான் ஒரு முழு நாள் கேட்கிறேன்: காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை உள்ளே போக வேண்டும். கருவூலத்தில் புனிதையின் பொன் உருவம், மரத்தின் மேல் தங்கத் தகடு, 85 செ.மீ. தலைப்பகுதி பிற்கால ரோமானியர் செய்த முகம், பிறகு இங்கே பொருத்தப்பட்டது. பிரெஞ்சுப் புரட்சியில் ஊர்க்காரர்கள் ஒளித்து வைத்ததால் தப்பியது.

பாறைப்பூ

இதே அக்கறையை வழியிலுள்ள இரண்டு சின்னத் தேவாலயங்களுக்கும் காட்டுங்கள். எஸ்பாலியோனுக்குச் சற்று முன் பாதையை ஒட்டியே பெர்ஸ் தேவாலயம், இளஞ்சிவப்பு மணற்கல். கோன்க்குக்குச் சொந்தமான கிளை மடம். வாசலில் தூய ஆவி இறங்கும் காட்சி, அடியில் சிறிய அளவில் தீர்ப்பும் நரகமும். கோன்க்குக்கு முன் இதைப் பார்த்தால் அங்கே கண் தானாகவே ஒப்பிடும்.

எஸ்பாலியோன் தாண்டி பெஸ்ஸூஜூல். தேவாலயத்துக்குள் போய்விட்டு மணிக்கோபுரத்தின் குறுகிய படியில் ஏற மறக்காதீர்கள். மேலே 11-ஆம் நூற்றாண்டின் சிறு ஆலயம். பீடத்தின் பக்கங்களில் பின்னல் வேலைச் செதுக்கல். படிகள் நடுவில் குழிந்து தேய்ந்திருப்பதால் பையைக் கீழே வைத்துவிட்டு ஏறுங்கள், இறங்கும்போது சுவரைத் தொட்டபடி வாருங்கள். மழை நாளில் கண்டிப்பாகக் கவனம்.

கால்நடை

முழங்காலுக்கு நான் சொல்றேன். இந்த ஐந்து நாளில் மூன்று இறக்கம் பெரிசு. ஒப்ராக் கிராமம் 1,300 மீட்டர், சேன் ஷெலி 800. எட்டு கி.மீ.க்குள்ள 500 மீட்டர் இறங்கணும். அடுத்த நாள் சேன் கோம் வரை இன்னும் 400. கடைசியா சேன் மார்செலிலிருந்து கோன்க், மூணு கி.மீ.க்குள்ள சுமார் 300 மீட்டர். அது ரொம்பச் செங்குத்து, கல்லும் பலகைக்கல்லும் கலந்த பள்ளப் பாதை. செப்டம்பர் கடைசியில கஷ்கொட்டை இலை விழுந்து ஈரமா இருந்தா வழுக்கும்.

ஊன்றுகோல் இரண்டு வேணும், இறக்கத்துக்கு அஞ்சு செ.மீ. நீளம் கூட்டிக்குங்க. இறக்கத்துக்கு முன்னாடி காலணி நாடாவை அவிழ்த்து, கணுக்கால் வளைவுல ஒரு முடிச்சு போட்டு இறுக்கி மறுபடி கட்டுங்க. இல்லைன்னா கால் முன்னே சரிஞ்சு கட்டைவிரல் நகம் கறுத்துப்போகும். பை உடல் எடையில பத்தில் ஒரு பங்குக்கு மேல வேணாம். பையை வண்டியில அனுப்பும் ஏற்பாடு உண்டு: காலை எட்டு மணிக்குள்ள ஜீத் வாசல்ல வெச்சா மதியம் அடுத்த ஜீத்துக்கு வந்துடும். முழங்கால் வலி இருக்கிறவருக்கு இது கண்டிப்பா செய்ங்க.

கடைசி நாள் வலி தாங்கலைன்னா செனெர்க் ஊரிலேயே நிறுத்தி டாக்ஸி கூப்பிட்டுக்கலாம், கோன்க்குக்கு அங்கிருந்து சுமார் பத்து கி.மீ. எஸ்பாலியோனுக்கு முன்னாடி வெர்முஸ் குன்று ஏற்றமும் மழையில வழுக்கும், அன்னைக்கு லோத் ஆற்றங்கரை ஓரமாவே போற சின்ன சாலை நல்லது.

தென்றல்நடை

பாதை தவறும் இடங்கள்?

கால்நடை

வெள்ளைக்குக் கீழ சிவப்பு, ரெண்டு கோடு. அது எல்லா ஜி.ஆர். பாதைக்கும் ஒரே குறி. அதனால சந்திப்புல பலகையில 65-ஆன்னு எண் பாருங்க. மஞ்சள் சிவப்பு வந்தா அது வட்டாரச் சுற்றுப் பாதை. நாஸ்பினால்ல ஒப்ராக் மலைச் சுற்று இப்படிக் குறுக்கே வரும். வெறும் மஞ்சள் உள்ளூர்ச் சிறு நடை. ரெண்டு கோடு பெருக்கல் குறியா இருந்தா அந்தப் பக்கம் போகாதே. கால் மணி நேரம் எந்தக் குறியும் வரலைன்னா முன்னே போய்த் தேடாம கடைசிக் குறிக்குத் திரும்புங்க.

நாஸ்பினால்–ஒப்ராக் நடுவுல மரமே கிடையாது, புல்வெளி, பாதையின் உச்சி சுமார் 1,370 மீட்டர். மேகம் இறங்கினா குறி இருக்கிற கல்லே தெரியாது. கைபேசியில ஐ.ஜி.என். (பிரான்ஸ் அரசின் வரைபட நிறுவனம்) வரைபடத்தை முன்னாடியே இறக்கி வெச்சுக்குங்க. மாட்டு வேலிக் கதவைத் திறந்தா மூடுங்க. கன்றுக்கும் பசுவுக்கும் நடுவுல போகாதீங்க. மின்வேலியில கைப்பிடி இருக்கிற இடத்துல மட்டும் தொடுங்க. சாயங்காலம் கால், தொடை இடுக்குல உண்ணி இருக்கான்னு பாருங்க, லைம் நோய் பரப்பும்.

மணியோசை

அந்த மேகத்துக்காகத்தான் ஒப்ராக் விடுதி மடமே உருவானது. 1120 வாக்கில் ஃப்ளாண்டர்ஸ் பிரபு அடலார் நிறுவியது. வழி தவறியவர்களுக்காகப் பனியிலும் மூடுபனியிலும் அடிக்கும் மணி ஒன்று அங்கே இருந்தது. இன்று எஞ்சியிருப்பவற்றில் முக்கியமானவை தேவாலயமும் ஒரு கோபுரமும். நாஸ்பினாலிலிருந்து 9 கி.மீ., பத்து பத்தரைக்கு அங்கே இருப்பீர்கள். அரை மணி ஒதுக்குங்கள். சேன் ஷெலியின் பழைய பாலத்திலும் நில்லுங்கள், சிலுவையின் அடியில் ஒரு யாத்ரீகர் செதுக்கப்பட்டிருக்கிறார்.

வாழைத்தண்டு

சைவம் பற்றி யாரும் சொல்லவில்லை. ஜீத்தில் இரவு உணவு, படுக்கை, காலை உணவு மூன்றும் சேர்த்த ஏற்பாடுதான் நல்லது, ஒரே சமையல், எல்லோரும் ஒரே மேஜை. முன்பதிவின்போதே சொல்லாமல் ஏழு மணிக்கு மேஜையில் சொன்னால் ரொட்டியும் சாலட்டும்தான் மிஞ்சும். சைவம் என்று மட்டும் எழுதினால் மீன் வரலாம். இறைச்சி, மீன், பன்றித் துண்டு மூன்றும் வேண்டாம் என்று தனித்தனியாக எழுதுங்கள். சூப்பும் லு புய்யின் பச்சைப் பருப்பும் பெரும்பாலும் பன்றித் துண்டு போட்டே வேகின்றன.

இந்த வட்டார உணவான அலிகோ கட்டாயம் கேளுங்கள். ஒரு கிலோ உருளைக்கிழங்குக்கு 400 கிராம் புதிய தோம் சீஸ், வெண்ணெய், க்ரீம், பூண்டு. மசித்து, மிதமான சூட்டில் மரக்கரண்டியால் இழுத்து இழுத்துக் கிளறுவது, நூல்போல நீளும் வரை. சூடு அதிகமானால் சீஸ் எண்ணெய் விட்டுப் பிரியும். தட்டில் பக்கத்திலேயே தொத்திறைச்சி வரும், வேண்டாம் என்று சொல்லலாம். கண்டிப்பான சைவர்களுக்கு ஒன்று: இந்த சீஸைத் திரிக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் திரிப்பியைப் பயன்படுத்துகிறார்கள்.

கடைகள் பகல் 12-லிருந்து 2 வரை மூடும். ஞாயிறு மதியமும் திங்களும் பல ஊர்களில் திறக்கவே மாட்டார்கள். எஸ்பாலியோனில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்குக் கல்லறைத் தோட்டக் குழாய் நம்பகமானது, குடிக்கத் தகாதது என்று பலகை இருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். ரொக்கம் வைத்திருங்கள், எல்லா ஜீத்திலும் அட்டை ஓடாது. படுக்கை மூட்டைப்பூச்சிக்குப் பயந்து பையைத் தூங்கும் அறைக்குள் விடமாட்டார்கள், காலணியும் வாசலிலேயே. படுக்கை உறைப்பை நீங்களே கொண்டுவர வேண்டும்.

கல்தச்சன்

முன்பதிவை கோன்க்கிலிருந்து தொடங்குங்கள். செப்டம்பரில் சனி, ஞாயிறு இரவுகள் முதலில் தீரும். மூன்றாம் வார இறுதி பாரம்பரிய நாள்கள் (பழைய கட்டடங்களை மக்கள் பார்க்கத் திறந்துவைக்கும் நாள்கள்), இன்னும் நெரிசல். கோன்க் உறுதியானபின் பின்னோக்கி எஸ்தேன், சேன் கோம் என்று பதியுங்கள். வர முடியாவிட்டால் அழைத்துச் சொல்லுங்கள், அவர்கள் உங்களுக்காகச் சமைக்கிறார்கள்.

மிஞ்சும் நாளுக்கு செனான்க்கை விடுங்கள். அது ப்ரோவான்ஸில், எதிர்த் திசை, சுற்றிப்பார்க்க முன்பதிவு வேண்டும், லாவண்டர் பூப்பதோ ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடு வரை. ஃபோன்த்னே என்றால் கோன்க் நாளைக் குறைக்காமல் பாரீஸிலிருந்து தனியாகப் போங்கள். மோன்பார் நிலையம் வரை ரயில், அங்கிருந்து சுமார் 6 கி.மீ. நடையோ டாக்ஸியோ. 1118-இல் புனித பெர்னார்து நிறுவியது. எளிமையை வலியுறுத்தும் சிஸ்டர்சியன் துறவற சபையின் அலங்காரமில்லாத தேவாலயம், 53 மீட்டர் நீள இரும்புப் பட்டறை, தண்ணீரால் ஓடும் சுத்தியல். கோன்க் பார்த்த கண்ணுக்கு அந்த வெறுமை பெரிய செய்தி.

தென்றல்நடை

முடிவு செய்துவிட்டோம்: லு புய்யில் இரவு, வேனில் நாஸ்பினால், ஐந்து நாள் நடை. கோன்க்கில் முழு நாள் என்றால் மொத்தம் எட்டு நாள் ஆகிறது, ஒரு நாள் விடுப்பு நீட்டிக்கிறோம். கோன்க்கிலிருந்து திரும்புவது?

பாறைப்பூ

ரோதேஸ் சுமார் 40 கி.மீ., பஸ் அரிது, வேன் அல்லது டாக்ஸியை முதல் நாளே சொல்லிவையுங்கள். ரோதேஸிலிருந்து பாரீஸ் ஆஸ்டெர்லிட்ஸுக்கு இரவு ரயில் உண்டு, உங்கள் தேதியில் ஓடுகிறதா என்று பாருங்கள். அந்த முழு நாளில் காலையில் தூர்து ஆற்றின் பழைய பாலம் கடந்து எதிர்ச் சரிவின் சேன்ட் ஃபுவா சிற்றாலயம் வரை மட்டும் ஏறுங்கள், பையில்லாமல். அங்கே மணிக்கயிறு உண்டு, இழுக்கலாம். கோன்க்கின் பலகைக்கல் கூரைகள் முழுவதும் எதிரே தெரியும்.

கால்நடை

முழங்கால்காரர் அந்த ஏற்றத்துக்கும் ரெண்டு ஊன்றுகோலையும் எடுத்துக்கட்டும், திரும்பி இறங்கணுமே. செப்டம்பர்ல வேட்டைப் பருவம் தொடங்கிடும். ஞாயிறு காட்டுக்குள்ள போனா ஆரஞ்சு நிற மேலுறை போட்டுக்குங்க. அவசரத்துக்கு 112.